கட்டிங்: வீட்டுக்குள் குடியைக் குறைப்பது பற்றிச் சில குறிப்புகள்

1

'குடி குடியைக் கெடுக்கும்.' அரசு விற்கும் பாட்டில்களின் மேல் பல வருஷம் ஒட்டப்பட்டிருந்த இந்த மூன்று சொல் வாசகத்தைப் பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம். முதல் 'குடி' ஒரு செயல். இரண்டாவது 'குடி' ஒரு குடும்பம், ஒரு வீடு, ஒரு வம்சம். அதோடு முடியவில்லை. குடியிருப்பு, குடிக்கூலி, குடிமகன் என்று அந்தச் சொல் அரசனுக்குக் கீழே இருக்கிற ஜனங்கள் வரைக்கும் நீள்கிறது. குடிக்கிறவனை 'குடிமகன்' என்று தமிழ்நாட்டு ஜனங்கள் கிண்டல் செய்யும்போது இந்த இரண்டு அர்த்தங்களையும் ஒன்றாகப் போட்டு உடைக்கிறார்கள். வாசகத்தை எழுதிய அதிகாரிக்குத் தெரிந்ததைவிட அதைத் திருப்பிச் சொன்னவனுக்கு அதிகம் தெரிந்திருக்கிறது.

பிறகு வாசகம் மாறிற்று. 'மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு' என்று வந்தது. வரிசையைக் கவனியுங்கள். முதலில் நாடு, அப்புறம் வீடு, கடைசியில் உயிர். கேடு நடக்கிற வரிசை இதற்கு நேர் எதிர். முதலில் ஈரல், பிறகு வீடு. நாட்டுக்கு, அதாவது அரசுக்கு, வருவது கேடு அல்ல, வருமானம். 2003-04இல் சுமார் 3,600 கோடியாக இருந்த டாஸ்மாக் வருவாய் 2024-25இல் 48,344 கோடி ரூபாய். கேட்டை முதலில் அனுபவிப்பதாகச் சொல்லிக்கொள்கிற 'நாடு', பாட்டிலுக்கு உள்ளே இருப்பதை விற்றுக்கொண்டு பாட்டிலுக்கு வெளியே அறம் பேசுகிறது. இது ஏதோ இரட்டை வேடம் என்று கோபப்பட்டுவிட்டுப் போய்விடக்கூடிய விஷயமல்ல. இந்த வாசகத்திற்குள் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிற 'வீடு' என்கிற சொல்லைப் பற்றி, நாட்டைப் பற்றிப் பேசுகிறவர்களும் பேசவில்லை, உயிரைப் பற்றிப் பேசுகிற டாக்டர்களும் அதிகம் பேசவில்லை என்பதுதான் நம் பிரச்சினை.

நான் எடுத்துக்கொள்வது ஒரு சின்ன விஷயம். வீட்டில் குடிப்பதைக் குறைப்பது. நிறுத்துவது அல்ல, குறைப்பது. களம், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம், படப்பை என்று விரிகிற தொழிற்சாலைப் பட்டை. சின்ன விஷயம் என்பதாலேயே இது நம்முடைய விவாதங்களுக்குள் வராமல் போயிற்று என்று நினைக்கிறேன்.

2

தமிழில் குடி பற்றிய பெருங்கதையாடல்கள் இரண்டு. ஒன்று, ஒழிப்பு. மற்றது, விற்பனை. இரண்டும் எதிரெதிரானவை என்றுதான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் இரண்டும் ஒரே கணக்கு நோட்டின் எதிரெதிர்ப் பக்கங்கள் என்று தெரிகிறது. ராஜாஜி அரசு 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தது. குடிக்காதவனும் அதிலிருந்து வரி கட்ட ஆரம்பித்தான். 1948இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971இல் கருணாநிதி அரசு விலக்கைத் தள்ளிவைத்தது, 1974இல் திரும்பவும் விலக்கு. 1981இல் எம்.ஜி.ஆர். அரசு கடைகளைத் திறந்தது. 1983இல் டாஸ்மாக் என்கிற மொத்த வியாபாரக் கழகம் வந்தது. 2003 நவம்பரில் ஜெயலலிதா அரசு சில்லறை விற்பனையையும் அதன் கையில் கொடுத்தது. திறப்பதும் மூடுவதும் கட்சிகளின் ஒழுக்கத்தைப் பொறுத்து நடந்ததாகப் படித்தால் ஒன்றும் புரியாது. கஜானாவைப் பொறுத்துப் படித்தால் கொஞ்சம் புரியும்.

ஒழிப்புக் கதையாடலுக்கு ஒரு இலக்கியமும் இருந்தது. 1929இல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜி மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். கல்கி அதில் துணையாசிரியராக இருந்தார். பத்திரிகையின் பெயரே ஒரு கதை வடிவத்தைச் சொல்லிவிடுகிறது. சாபம், பிறகு விமோசனம். அந்தக் காலத்துப் பிரச்சாரக் கதையிலிருந்து பின்னால் வந்த சினிமா வரைக்கும் குடிகாரனுக்கு இரண்டு முடிவுகள்தான் அனுமதிக்கப்பட்டன. ஒன்று அவன் சாக வேண்டும், அல்லது சத்தியம் செய்ய வேண்டும். 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பின் பாவமன்னிப்பு வடிவமும் இதற்கு ரொம்ப தூரத்தில் இல்லை. அங்கேயும் பூரண விலகல்தான், அங்கேயும் எழுந்து நின்று தன் கதையைச் சொல்லியாக வேண்டும். அது பல பேரைக் காப்பாற்றியிருக்கிறது, மறுக்கவில்லை. நான் சொல்வது வடிவத்தைப் பற்றி.

குறைப்புக்குக் கதை கிடையாது. நேற்று ஒரு குவார்ட்டர், இன்றைக்கு அதில் பாதி, நாளைக்கு இல்லை, நாளை மறுநாள் மறுபடி பாதி. இதில் உச்சமும் இல்லை, விமோசனமும் இல்லை. எங்கே கதையை முடிப்பது என்று தெரியாததால் நம் எழுத்தாளர்களுக்கு இது ஒரு பொருளாகவே தோன்றவில்லை. ஆனால் ஜனங்கள் வாழ்வது இந்தக் கதையற்ற இடத்தில்தான்.

'குறைப்பு' என்கிற சொல்லை மட்டும் அரசு நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. 'படிப்படியாக மதுவிலக்கு' என்றார்கள். 2016 மே மாதம் 500 கடைகள் மூட உத்தரவு, 2017 பிப்ரவரியில் இன்னொரு 500, 2023 ஜூனில் மறுபடி ஒரு 500. மூன்று தடவையும் அதே ஐந்நூறு. 2023 மூடலுக்குப் பிறகு மிச்சமிருந்த கடைகள் 4,829. வருவாயோ 2022-23இல் 44,098 கோடி, 2023-24இல் 45,855 கோடி, அடுத்த வருஷம் 48,000ஐத் தாண்டிற்று. விலையேற்றமும் இதில் சேர்ந்திருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். எப்படிப் பார்த்தாலும் குறைந்தது கடையின் எண்ணிக்கை. குடிக்கிறவன் வீட்டில் எதுவும் குறைந்ததாக இந்தக் கணக்கு சொல்லவில்லை.

3

இனி இந்தத் தொழிற்பட்டைக்கு வருவோம். மோட்டார் வாகனத் தொழிலுக்கும் தொழிலாளி வீட்டுக் குடிக்கும் உள்ள உறவு ஒரகடத்தில் ஆரம்பித்ததல்ல. 1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டு தன் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 5 டாலர் என்று அறிவித்தார். உலகமே பாராட்டியது. அந்த ஐந்தில் ஏறத்தாழ பாதிதான் கூலி. மீதி லாபப் பங்கு, அது ஒழுங்காக வாழ்கிறவனுக்கு மட்டும். ஒழுங்காக வாழ்கிறானா என்று பார்க்க 'சமூகவியல் துறை' என்று ஒன்றை வைத்து, தொழிலாளி வீட்டுக்கே ஆள் அனுப்பினார். வீடு சுத்தமா, சேமிப்பு உண்டா, குடிக்கிறானா என்று அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு. முசோலினியின் சிறையிலிருந்தபடி 'அமெரிக்கனிசமும் ஃபோர்டிசமும்' என்ற குறிப்பேட்டில் கிராம்ஸி இந்த இரண்டையும் சேர்த்து வாசித்தார். புதிய இயந்திரத்துக்குப் புதிய வகை மனிதன் வேண்டியிருக்கிறது, அவனுடைய குடியும் காமமும் வேலைக்கு வெளியே சிந்திப் போகாமல் காக்கப்பட வேண்டியிருக்கிறது, அதுதான் இந்தத் தூய்மைவாதத்தின் பொருளாதாரம் என்பது அவர் வாசிப்பின் சாரம். ஒழுக்கத்தைத் திட்டி அவர் எழுதவில்லை. அது யாருடைய தேவை என்று கேட்டார்.

அதே ஃபோர்டு கம்பெனி தொண்ணூறுகளில் ஒரகடத்துக்குக் கிழக்கே மறைமலை நகருக்கு வந்தது, 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது, 2022இல் அந்த ஆலை ஓய்ந்தது. ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது 1996இல். ரெனோ-நிசான் 2010இல் ஒரகடத்தில் உற்பத்தியைத் தொடங்கியது, 2012இல் டெய்ம்லர். அப்புறம் யமஹா, ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர், இவற்றைச் சுற்றி உதிரிபாகம் செய்கிற நூற்றுக்கணக்கான சின்னக் கம்பெனிகள். ஆனால் இங்கே 'சமூகவியல் துறை' கிடையாது. வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிக்கிற சிரமம் ஒப்பந்தத் தொழிலாளிக்காக யாரும் எடுப்பதில்லை. அவன் காண்ட்ராக்டர் ஆள். கேட்டில் ஊதச் சொல்வார்கள். காட்டினால் வெளியே. எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு கம்பெனியில் இப்படி வெளியே போனார். மறுநாள் அவர் இடத்தில் வேறு ஆள், 'லைன் நிக்கல சார், ஒரு நிமிஷம்கூட நிக்கல' என்றார் அவர். அதில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

கிராம்ஸி பார்த்த முதலாளித்துவம் தொழிலாளியின் உடம்பைச் சேமித்து வைக்க நினைத்தது. இங்கே பார்க்கிற வகைக்கு அந்தக் கவலை இல்லை. பதில் ஆள் வாசலில் நிற்கும்போது எந்த உடம்பையும் சேமிக்க வேண்டியதில்லை. இதனால்தான் 'குடியைக் குறை' என்று இங்கே ஒரு தொழிலாளியிடம் சொல்வது கம்பெனியின் குரலாக ஆகிவிடும் என்று பயப்படுகிற தோழர்களோடு நான் உடன்படவில்லை. கம்பெனிக்கு அப்படியொரு குரலே இல்லை. அது கேட்டோடு நின்றுவிடுகிறது.

ஒரு வாரத்தை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். 2023 ஏப்ரல் 21 அன்று பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்கிற தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. மூன்று நாள் கழித்து, கல்யாண மண்டபங்களிலும் விளையாட்டு அரங்குகளிலும் மது பரிமாற உரிமம் தருகிற விதித் திருத்தம் வெளியே தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் கல்யாண மண்டபம் மட்டும் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. வேலை நேரத் திருத்தம் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. இரண்டையும் ஒரே ஆள் உட்கார்ந்து திட்டமிட்டதாகச் சொன்னால் அது சதிக் கோட்பாடு. ஆனால் ஒரே வாரத்தில் இரண்டும் எதிரே வந்து நின்றபோது, நாம் இரண்டு தனித்தனி ஆர்ப்பாட்டம் நடத்தினோம். இரண்டு நோட்டீஸ், இரண்டு மேடை. நாள் நீள்வதற்கும் பாட்டில் பக்கத்தில் வருவதற்கும் உள்ள தொடர்பை ஒரு மேடையில் யாரும் பேசிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

4

இந்தத் தொடர்பு எங்கே நடக்கிறது? கடிகாரத்தில் நடக்கிறது.

2016 மே மாதத்திலிருந்து டாஸ்மாக் கடை நேரம் பகல் 12 முதல் இரவு 10. முன்பு காலை 10க்குத் திறந்தது, இரண்டு மணி நேரம் 'குறைக்கப்பட்டது'. இப்போது தொழிற்சாலையின் கடிகாரத்தை இதன் மேல் வைத்துப் பாருங்கள். காலை ஷிப்ட் விட்டு வருகிறவனுக்குக் கடை திறந்திருக்கிறது. இரண்டாவது ஷிப்ட் விட்டு பஸ்ஸில் வந்து இறங்குகிறவனுக்குக் கடை மூடியாயிற்று. நைட் ஷிப்ட் முடித்து விடியற்காலையில் வருகிறவனுக்குக் கடை திறக்க இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறது. அவனுக்குத்தான் தூக்கம் வராது, வெளியே வெயில் அடிக்கும்போது உடம்பைத் தூங்க வைக்க வேண்டியவன் அவன். ஆக மூன்று ஷிப்டில் இரண்டு ஷிப்டுக்காரன் முதல் நாளே வாங்கி வைத்தாக வேண்டும், இல்லையென்றால் பிளாக்கில் கூடுதல் காசு கொடுத்து வாங்க வேண்டும். எதுவானாலும் பாட்டில் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அலமாரியில், அரிசி டப்பாவுக்குப் பின்னால், பைக் பெட்டியில். வீட்டில் இருக்கிற பாட்டிலுக்கு மூடும் நேரம் கிடையாது.

தூக்கத்துக்காகக் குடிப்பது பற்றி மருத்துவம் சொல்வதும் தெரிந்திருக்க வேண்டும். மது சீக்கிரம் கண்ணை மூட வைக்கும். பின்பாதித் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கிவிடும். நாலு மணி நேரத்தில் முழிப்பு வந்து, உடம்பு அடித்துப் போட்டாற்போல இருக்கும். அடுத்த ராத்திரி லைனில் நிற்க வேண்டும், அடுத்த காலை இன்னும் கொஞ்சம் தேவைப்படும். இந்தச் சுழற்சிக்கு 'குணக்கேடு' என்று பெயர் வைத்திருக்கிறோம். ஷிப்ட் அட்டவணை என்றும் பெயர் வைக்கலாம்.

இன்னொரு தள்ளல் 2017இல் நடந்தது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டு, வேறு இடம் தேட ஆரம்பித்தன. விபத்தைத் தடுப்பது நோக்கம், நல்ல நோக்கம். ஆனால் நெடுஞ்சாலை மீதே பிறந்து வளர்ந்த சுங்குவார்சத்திரம் மாதிரி ஊர்களில் சாலையிலிருந்து 500 மீட்டர் என்றால் குடியிருப்புக்குள் என்று அர்த்தம். மாநிலம் முழுக்கப் பெண்கள் தெருவுக்கு வந்தது அப்போதுதான். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போராடிய ஒரு பெண்ணைப் போலீஸ் அதிகாரி கன்னத்தில் அறைந்ததை நாடே பார்த்தது. பிறகு 2020இல் கொரோனா ஊரடங்கு. கடை திறந்தபோதும் பார் மூடியே கிடந்தது. வாங்கு, வீட்டுக்குக் கொண்டுபோ என்பதுதான் ஏற்பாடு. நீதிமன்றமும் தொற்றுநோயும் சேர்ந்து குடியை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தன.

இங்கே 'வீடு' என்பது எது என்றும் கேட்க வேண்டும். ஒரே அறையில் ஷிப்டுக்கு ஷிப்ட் பாய் மாற்றிப் படுக்கிற ஆறு ஆண்கள். லைன் வீட்டில் ஒற்றை அறைக் குடும்பம், அங்கே குடிக்கிறவனுக்கும் படிக்கிற பிள்ளைக்கும் நடுவில் ஒரு புடவைத் திரை. பெண் தொழிலாளர்களுக்கு ஹாஸ்டல். வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளோடு சிப்காட் கட்டியது 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. தங்குமிடம் என்பது தொழிற்சாலையின் நீட்சி என்பதை நமக்குச் சொல்லித் தந்ததே அந்தப் பெண்கள்தான். 2021 டிசம்பரில், ஹாஸ்டல் சாப்பாட்டால் சக தொழிலாளிகள் நோயில் விழுந்தபோது ஃபாக்ஸ்கான் பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். தட்டில் விழுவது தொழிற்சங்கப் பிரச்சினை என்றால், தம்ளரில் விழுவது ஏன் இல்லை?

5

தமிழில் குறைப்புக்கு ஏற்கனவே ஒரு சொல் இருக்கிறது. அகராதியில் இருக்காது, கடை வாசலில் இருக்கிறது. 'கட்டிங்.'

180 மில்லி குவார்ட்டர்தான் டாஸ்மாக்கின் சிறிய அளவு. முழுசாக வாங்கக் காசில்லாதவன், அல்லது முழுசாகக் குடிக்க விரும்பாதவன், வாசலில் நின்று இன்னொருத்தனைத் தேடுகிறான். 'அண்ணே, கட்டிங்கா?' முன்பின் தெரியாத ஆளாக இருக்கலாம். ஆளுக்குப் பாதிக் காசு, ஆளுக்கு 90 மில்லி. ஊற்றும்போது இரண்டு பேர் கண்ணும் தம்ளரின் மட்டத்தில் இருக்கும். அரசு நிர்ணயித்த அளவை ஜனங்கள் தங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் போட்டுப் பிளக்கிறார்கள். 2010இல் இந்தச் சொல்லை வைத்தே ஒரு சினிமா வந்தது. இங்கிலீஷ் பெயராக இருந்ததால், தமிழ்ப் பெயருக்கான கேளிக்கை வரி விலக்குக்காக 'வ' என்று ஆக்கினார்கள். விற்பனையில் வரி, பெயரில் விலக்கு. சரி, அது வேறு கதை.

கணக்கையும் போட்டுவிடுவோம், பாட்டில் அதைச் சொல்வதில்லை. 180 மில்லியில் 42.8 சதவீதம் என்றால் சுத்தச் சாராயம் 77 மில்லி, எடையில் சுமார் 60 கிராம். மருத்துவர்கள் 10 கிராமை ஒரு அலகு என்று வைக்கிறார்கள். ஆக ஒரு குவார்ட்டர் என்பது ஆறு அலகு. 'ஒண்ணே ஒண்ணுதான் சார் அடிச்சேன்' என்பவன் ஆறு அடித்திருக்கிறான். கட்டிங் மூன்று. ஐந்து சதவீத பீர் 650 மில்லி என்றால் இரண்டரை, எட்டு சதவீத ஸ்ட்ராங் என்றால் நாலு. பாதுகாப்பான அளவு என்று ஒன்றே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. அதனால் கட்டிங்கை ஆரோக்கியம் என்று நான் விற்கவில்லை. ஆறுக்கும் மூணுக்கும் வித்தியாசம் இருக்கிறது, அவ்வளவுதான்.

2023இல் மதுவிலக்குத் துறை அமைச்சர் முத்துசாமி, குவார்ட்டரைப் பகிர ஆள் தேடிக் காத்திருக்கிறார்கள், அதனால் 90 மில்லி பாக்கெட் கொண்டுவருவதை யோசிக்கிறோம் என்றார். எல்லாப் பக்கமும் கேலி, கண்டனம். நானும் வரவேற்கவில்லை, ஆனால் காரணம் வேறு. கட்டிங்கில் இருந்தது 90 மில்லி மட்டுமல்ல. இன்னொரு ஆளும் இருந்தான். அவன் இல்லையென்றால் நிறுத்த வேண்டும், அவன் பங்கில் கை வைக்க முடியாது. அந்த உறவை நீக்கிவிட்டு அளவை மட்டும் பாக்கெட் போட்டால் கிடைப்பது குறைப்பு அல்ல, சில்லறை. இரண்டு பாக்கெட் வாங்க யாரையும் தேட வேண்டியதில்லை.

இதையே வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். வாசலில் பாதியாகப் பிளந்த குவார்ட்டர், வீட்டுக்குள் வரும்போது முழுசாக வருகிறது. பங்கு கேட்க ஆள் இல்லை. கடையில் ரெண்டு பேராகக் குடித்தவன் வீட்டில் தனியாகக் குடிக்கிறான். 'இப்பல்லாம் வெளிய குடிக்கிறதில்ல, வீட்ல வச்சுதான்' என்று நல்ல பேர் வாங்கிக்கொண்டு குடிக்கிறான். அந்த நல்ல பேருக்கு ஒரு விலை இருக்கிறது. அதைக் கொடுப்பது வேறு ஆள்.

6

1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலை நாகம்மையும் கண்ணம்மாளும் முன்னின்று நடத்தினார்கள். மறியலை நிறுத்துவது என் கையில் இல்லை, ஈரோட்டிலிருக்கும் இரண்டு பெண்கள் கையில் இருக்கிறது என்கிற பொருளில் காந்தி சொன்னது நமக்கெல்லாம் பெருமை. அந்த மறியலின் போதுதான் பெரியார் தன் தோப்பில் ஐந்நூறு தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். அவரே பிற்காலத்தில் மதுவிலக்கை எதிர்த்தார். இந்த மாற்றம் நிறைய விவாதிக்கப்பட்டிருக்கிறது. கடை வாசலில் நின்ற பெண்கள் பற்றியும் எழுதியிருக்கிறோம். வீட்டு வாசலுக்குள் நிற்கிற பெண் செய்கிற வேலையைப் பற்றி?

அது வேலைதான். பாட்டிலில் எவ்வளவு இருந்தது என்று ஞாபகம் வைத்துக்கொள்வது. காலி பண்ணுவதற்கு முன் சாப்பாட்டைப் போட்டுவிடுவது, சாப்பிட்டால் கொஞ்சம் குறையும் என்று. சம்பள நாளன்று பஸ் நிறுத்தத்தில் பிள்ளையோடு போய் நிற்பது. தண்ணீர் கலந்து வைப்பது. கலந்தது தெரிந்தால் அடி. எந்த நேரத்தில் பேசலாம், எந்த நேரத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்று முகத்தைப் படிப்பது. ஒரகடம் பக்கம் ஒரு அக்கா சொன்னார். அவரும் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். 'கம்பெனில ஒரு டூட்டி, வந்தா இவர அளக்கிற டூட்டி. கைக்கு வர்றது பதினாலாயிரம், இதுக்கே நாலாயிரத்துக்கு மேல போயிடுது. நிறுத்துன்னு நான் கேக்கல, அது நடக்காது. ஞாயித்துக்கெழம ஒரு நாளுன்னு கொண்டாந்து வச்சிருக்கேன். ரெண்டு வருஷமாச்சு.' 2024 பிப்ரவரியில் விலை ஏறிய பிறகு சாதாரண ரகம் குவார்ட்டர் 140 ரூபாய். தினம் ஒன்று என்றால் மாசம் 4,200. அவர் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

இரண்டு வருஷ உழைப்பு அது. எந்தக் கதையிலும் வராது, எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. கோட்பாட்டு மொழியில் சொன்னால், உழைப்புச் சக்தியின் மறுஉற்பத்தி. குடிக்கிறவனை அடுத்த ஷிப்டுக்குத் தயார் பண்ணி அனுப்புகிறவள் கம்பெனிக்கும் கூலியில்லாமல் வேலை செய்கிறாள், டாஸ்மாக் உண்டாக்குகிற சேதத்தையும் கூலியில்லாமல் செப்பனிடுகிறாள்.

இங்கே நம் ஆட்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குடியை ஒரு கலகமாக, ஒழுக்கவாதத்தின் மூஞ்சியில் குத்துகிற எதிர்ச்செயலாகக் கொண்டாடிய ஒரு போக்கு சிறுபத்திரிகை வட்டாரத்தில் உண்டு. மேல்சாதிச் சுத்தபத்தத்துக்கு எதிராக அதற்கு ஒரு நியாயமும் இருந்தது. மதுவிலக்குச் சட்டத்தின் பேரில் போலீஸ் எந்தச் சேரிக்குள் முதலில் நுழையும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் கூட்டம் முடிந்து விடிய விடிய நடந்த அந்தக் கலகங்களுக்குப் பிறகு வாந்தியைக் கழுவியது யார் என்று எந்தக் கட்டுரையும் பதிவு செய்யவில்லை. உடலைக் கொண்டாடிய கோட்பாடு, அந்த உடலைத் தூக்கிப் படுக்க வைத்த இன்னொரு உடலைக் காணவில்லை. இதை ஒழுக்கத்தின் பக்கம் நின்று சொல்லவில்லை. யாருடைய உழைப்பின் மேல் கலகம் நடந்தது என்கிற, கிராம்ஸி கேட்ட அதே கேள்விதான்.

7

'மூடு' என்கிற கோஷம் பொய் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2015 ஜூலை 31 அன்று உண்ணாமலைக்கடையில் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடிய சசிபெருமாள் உயிரிழந்தார். அதே வருஷம் அக்டோபரில் டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடியதற்காகக் கோவன் மீது ராஜத்துரோக வழக்கு போட்டார்கள். ஒரு பாட்டுக்கு அரசு அவ்வளவு பயந்தது என்றால் அந்தக் கோஷம் எங்கோ சரியான இடத்தில் குத்தியிருக்கிறது. ஆனால் மூடினால் மட்டும் முடியாது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும், இந்தத் தொழிற்பட்டைக்குப் பக்கத்து மதுராந்தகம் வட்டாரத்திலும் மெத்தனால் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபத்தைந்துக்கும் மேல். கடை திறந்திருக்கும்போதே இது. 140 ரூபாய் இல்லாதவனுக்குக் கடை ஏற்கனவே மூடித்தான் இருக்கிறது.

குறைப்பு எல்லோருக்கும் பொருந்தாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். காலையில் கை நடுங்குகிறவன், குடித்தால்தான் நடுக்கம் நிற்கிறவன் வேறு வகை. அவனைத் திடீரென்று நிறுத்த வைத்தால் ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நாலு நாளைக்குள் மனக்குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, காய்ச்சல், சில சமயம் சாவு. ரூமில் பூட்டி வைத்துத் திருத்துவது, மாலை போட வைத்து ஒரே நாளில் நிறுத்துவது எல்லாம் இப்படிப்பட்டவனுக்கு ஆபத்து. மருந்தும் வைட்டமின் பி1ம் கொடுத்து ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருக்க வேண்டிய நோய் அது. 1980இலேயே சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை குடிநோய்க்கென்று தொடங்கிவிட்டது. குடியை நோய் என்று பார்க்கத் தமிழ்நாட்டுக்குத் தெரியாமல் இல்லை. லீவு போட்டால் வேலை போகும் என்கிற ஒப்பந்தத் தொழிலாளியால் அந்தப் படுக்கைக்குப் போய்ச் சேர முடிவதில்லை.

ஆகவே குறைப்பு என்பதைத் தனிமனிதனின் மன உறுதி என்கிற சொல்லாடலிலிருந்து பிடுங்கி எடுக்க வேண்டும். அதைக் கோரிக்கையாக எழுதிப் பார்க்கலாம். பாட்டிலின் மேல் நாடு, வீடு என்கிற உபதேசத்துக்குப் பக்கத்தில் எத்தனை அலகு என்கிற எண்ணை அச்சிடு. நைட் ஷிப்ட் தொடர்ச்சியாக எத்தனை நாள் என்பதற்கு உச்சவரம்பு வை. கேட்டில் ஊதிப் பிடிபட்டவனை நீக்காதே, சிகிச்சைக்கு அனுப்பு, கூலியோடு லீவு கொடு, காண்ட்ராக்ட் ஆளுக்கும் சேர்த்து. தாலுகா ஆஸ்பத்திரியில் இதற்கென்று படுக்கை ஒதுக்கு. 48,000 கோடியில் இதற்கு எவ்வளவு என்று பட்ஜெட்டில் தனித் தலைப்பில் சொல்லு. இவை எதுவும் புரட்சி இல்லை. 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் பந்தலில் உட்கார்ந்தது சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டு. அங்கீகாரமே போராடி வாங்க வேண்டிய இடத்தில் இதெல்லாம் அடுத்த கட்டம்தான். அடுத்த கட்டம் என்று ஒன்று இருக்கிறது என்பதையாவது எழுதி வைக்க வேண்டும்.

ரூம்களில் சில இடங்களில் இது பேசப்படாமலேயே நடக்கிறது. ஆறு பேர் இருக்கிற ஒரு ரூமில் ஏற்பாடு இப்படி: பாட்டில் ரூமில் தங்கக் கூடாது, சனிக்கிழமை மட்டும், தனியாக யாரும் ஊற்றக் கூடாது, நைட் ஷிப்ட் பார்த்தவன் அன்றைக்குக் கிடையாது. யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். 'யாரு சொல்லணும்? அவன் எந்திரிக்கலன்னா நாங்கதான் சமைக்கணும்' என்றார்கள். அறம் பற்றி இதைவிடச் சுருக்கமான ஒரு விளக்கத்தை நான் அண்மையில் படிக்கவில்லை. கட்டிங்கில் இருந்த அந்த இன்னொரு ஆள் இங்கே ஆறு பேராக இருக்கிறான். ஆனால் லைன் வீட்டில், திரைக்கு இந்தப் பக்கம், அவள் ஒருத்திதான் இருக்கிறாள். அவளுக்கு ஒரு சங்கம் எப்படி இருக்கும் என்பதை நண்பர்கள் யோசிக்க வேண்டும். அது மாதர் அமைப்பின் வேலையா, தொழிற்சங்கத்தின் வேலையா என்று நாம் இன்னமும் தீர்மானிக்கவில்லை.